உறையும் உறைதலும்

(மனையியல் மாணவியர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேசையில் நாலு கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. ஒன்றைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களும் பாருங்கள். மாதுளை முத்தின் சிவப்பு. சாய்த்தால் ஓடவில்லை, தட்டினால் லேசாக நடுங்குகிறது. உள்ளே வரும்போதே இரண்டு பேர் "இது என்ன பழம்?" என்று கேட்டார்கள். பழம் இல்லை. பயற்றை உரித்து எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் தோலில் செய்த ஜெல்லி. நம் ஊரில் அந்தத் தோல் மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

நான் வாழும் ஊர் மக்னோலியா. அமெரிக்காவின் தென்பகுதியில், ஆர்கன்சா மாநிலத்தின் தெற்குக் கோடியில், லூயிசியானா எல்லைக்கு அருகில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எமர்சன் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். 1990 முதல் அந்த ஊரில் ஜூன் மாதக் கடைசியில் ஒரு பயற்றுக்கென்றே திருவிழா நடக்கிறது. அந்தப் பயற்றின் பெயர் 'பர்ப்பிள் ஹல்', அதாவது ஊதாத் தோல் பயறு. பச்சையாக இருக்கும் காய் முற்ற முற்ற, கத்தரிப்பூ நிறம் ஏறும். நிறம் முழுக்க ஏறிவிட்டால் பறிக்கலாம். திருவிழாவில் தோட்டம் கொத்தும் கை உழவு இயந்திரங்களை ஓடவிட்டுப் பந்தயம் வைப்பார்கள். வெயிலும் புழுதியும் சத்தமும் சேர்ந்து நம் ஊர்க் கொடை நாள் மாதிரியே இருக்கும்.

அந்தப் பயறு வேறெதுவும் இல்லை. நாம் தட்டைப்பயறு என்றும் காராமணி என்றும் சொல்கிறோமே, அந்த இனம்தான். ஆப்பிரிக்காவில் பிறந்த பயிர். இந்தியாவுக்கு மிகப் பழைய காலத்திலேயே வந்து நம் குழம்பில் சேர்ந்துவிட்டது. அமெரிக்காவுக்குப் போன வழி வேறு. அடிமைக் கப்பல்களோடு போனது. விலைக்கு விற்கப்பட்ட மக்களும் அவர்கள் தின்று வளர்ந்த பயறும் ஒரே கடலைக் கடந்து ஒரே மண்ணில் இறங்கினார்கள். இந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். அதைச் சொல்லாமல் வெறும் சமையல் குறிப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடிமைத் தாய்க்குப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை நிலக்கடலை ஆராய்ச்சியாளராக நீங்கள் படித்திருப்பீர்கள். அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ கல்விக்கூடத்தில் இருந்தபடி அவர் இந்தத் தட்டைப்பயற்றுக்காகவும் பாடுபட்டார். பருத்தி போட்டுப் போட்டு வெளுத்துப்போன மண்ணுக்குத் தழைச்சத்து தரும் பயிர், ஏழை வீட்டுக்குப் புரதம் தரும் பயிர் என்று 1903இல் ஒரு சிறுநூல் எழுதினார். அதைச் சமைக்கும் முறைகளைச் சொல்லி 1908இல் இன்னொன்று. 1906 முதல் டஸ்கிகீயிலிருந்து ஒரு வண்டி கிராமம் கிராமமாகப் போய் உழவர்களுக்குச் செயல்விளக்கம் காட்டியது. 1915இல் காய்கனிகளை வீட்டில் எப்போது, எப்படிப் பதப்படுத்துவது என்று மட்டுமே ஒரு நூல் எழுதினார். கையில் காசில்லாதவர்களுக்கு எழுதுகிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் எதையும் தூக்கி எறியச் சொல்லமாட்டார்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மா. நான் போன புதிதிலேயே எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். என்னை 'ஹனி' என்பார். அந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லைக் 'கண்ணு' என்றுதான் என் மனம் வாங்கிக்கொண்டது. ஒரு ஜூலை மாதக் காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் இரண்டு பேரும் பயறு உரிக்க உட்கார்ந்தோம். மடியில் ஒரு கிண்ணம், காலடியில் ஒரு கூடை. பயறு கிண்ணத்துக்கு, தோல் கூடைக்கு. மார்கழியில் மொச்சை உரித்தவர்களுக்கு அந்த வேலை தெரியும். பேச்சு ஓடும், கை தானாக நடக்கும். மதியம் ஆனபோது என் இரண்டு கட்டைவிரல் நகங்களும் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டிருந்தன. கிண்ணத்தில் பயறு ஒரு வேளைக்குத்தான் இருந்தது. கூடையோ நிரம்பி வழிந்தது. நான் கூடையைத் தூக்கிக் குப்பைக்குப் போனேன். "அதை எங்கே கொண்டுபோகிறாய், கண்ணு? பாதி சாமானே அதில்தான் இருக்கிறது" என்றார்.

தோலை நாலு தண்ணீரில் கழுவினார். பூச்சி அரித்ததையும் கறுத்ததையும் பொறுக்கி எறிந்தார். மருந்து அடிக்காத தோட்டத்துக் காய் என்பதால்தான் தோலைத் தொட்டார். கடைக்காயாக இருந்தால் தொடமாட்டேன் என்றார். பெரிய அண்டாவில் தோலைப் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் விட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டார். பிறகு துணியில் கொட்டித் தொங்கவிட்டு, இரவு முழுக்கச் சொட்டவிட்டார். நான் துணியைப் பிழியப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். பிழிந்தால் கசடு இறங்கும், ஜெல்லி கலங்கிப்போகும். தானாகச் சொட்டுவதில்தான் தெளிவு இருக்கிறது.

காலையில் பாத்திரத்தில் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் இறங்கிவிட்டது. அழுக்குத் தண்ணீர் போல மங்கலான ஊதா, பழுப்போடு கலந்த நிறம். வாசனையும் பயறு வேகவைத்த வாசனைதான். அந்த அம்மா எலுமிச்சைச் சாற்றை அளந்து கால் கப் ஊற்றினார். கரண்டி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மொத்தமும் சிவந்தது. நான் கண்ணால் பார்த்தேன்: சாறு விழுந்த இடத்திலிருந்து ஒரு செந்நிற வளையம் கிளம்பி, விரிந்து, ஓரம் வரை போய்ச் சேர்ந்தது. சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். கத்தரித் தோலிலும் நாவற்பழத்திலும் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி இந்தத் தோலிலும் இருக்கிறது. அமிலம் பட்டால் அது சிவக்கும். அந்தச் சிவப்பு வெறும் அழகு மட்டும் அல்ல. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உறைவதைப் பற்றிப் பேசவேண்டும். தமிழில் உறை என்றால் மூடியிருக்கும் தோல். உறை என்றால் பாலில் ஊற்றும் மோர். இறுகிக் கெட்டியாவதும் உறைதல்தான். இந்த ஜெல்லிக்காகவே செய்துவைத்த சொல் மாதிரி இருக்கிறது.

பழம் உறைவதற்குக் காரணமான பொருளை 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ தனியாகப் பிரித்துப் பெக்டின் என்று பெயரிட்டார். உறைவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. செடியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை என்று அதைச் சொல்லலாம். மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சாதாரணத் தண்ணீரில் அவை ஒன்றையொன்று கிட்ட அண்டவிடாது, ஏனென்றால் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னேற்றம். அமிலம் சேர்ந்தால் அந்த விலகல் அடங்கும். அதன் பிறகும் ஒவ்வொரு சங்கிலியையும் தண்ணீர் போர்த்திக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரைச் சர்க்கரை இழுத்துக்கொண்டால்தான் சங்கிலிகள் தொட்டுக்கொள்ளும், பின்னிக்கொள்ளும், வலையாகும். மீதித் தண்ணீர் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். நாம் கரண்டியில் எடுப்பது அந்த வலையைத்தான்.

புளிப்பு ரகக் கொய்யாவில் பெக்டினும் இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது. அதனால் அந்தக் கொய்யா ஜெல்லிக்குச் சர்க்கரை மட்டும் போதும். ஆப்பிள் தோலும் நடுத்தண்டும் அப்படித்தான். பயற்றுத் தோலில் நிறம் இருக்கிறது, மணம் இருக்கிறது. உறையவைக்கும் அளவு பெக்டினும் இல்லை, புளிப்பும் இல்லை. இரண்டையும் நாம்தான் கொடுக்கவேண்டும். கடையில் பொடியாகக் கிடைக்கும் பெக்டின் 49 கிராம் பெட்டி ஒன்று. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? பழச்சாறு ஆலைகளில் சாறு பிழிந்தபின் மிஞ்சும் ஆப்பிள் சக்கையிலிருந்தும், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தும். ஆக, ஒரு வீட்டில் மிஞ்சிய தோலை ஓர் ஆலையில் மிஞ்சிய தோல்தான் உறையவைக்கிறது. இது தெரிந்த அன்று அந்தச் சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

நாலு கப் தெளிவுக்கு ஐந்து கப் சர்க்கரை. முதல்முறை நான் தனியாகச் செய்தபோது அந்த அளவு எனக்கு அநியாயமாகப் பட்டது. இரண்டரைக் கப் போட்டேன். ஆறு பாட்டில் நிரப்பி, மூடி, வரிசையாக வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஒன்றைச் சாய்த்தேன், ஓடியது. மறுநாள் சாய்த்தேன், அப்போதும் ஓடியது. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு போட்டாய்?" என்று மட்டும் கேட்டார். சர்க்கரையை இனிப்பு என்று நான் நினைத்திருந்தேன். அங்கே அது இனிப்பு மட்டும் இல்லை, வேலைக்காரன். தண்ணீரை இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. ஆளைப் பாதியாகக் குறைத்துவிட்டு வேலை முழுதாக நடக்க வேண்டும் என்றால் எப்படி? இனிப்புக் குறைவாக வேண்டுமானால் அதற்கென்று வேறு வகைப் பெக்டின் கிடைக்கிறது, அதை வாங்கவேண்டும். அந்த ஆறு பாட்டிலையும் குளிர்பெட்டியில் வைத்து, ரொட்டிக்குப் பாகாக ஊற்றித் தின்று தீர்த்தோம்.

சர்க்கரையைக் குறைத்தால் ஜெல்லி போகும். எலுமிச்சையைக் குறைத்தால் ஆபத்து வரும். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

காய்ந்த மிளகாய், உப்பு, எண்ணெய், வெயில் என்று பதப்படுத்தும் ஊர் நம்முடையது. ஊறுகாய் ஜாடியின் வாயில் வேடு கட்டுவோம், காற்றை அடைத்துவிடமாட்டோம். பாட்டிலில் அடைத்துக் காற்றை வெளியேற்றும் முறைக்கு ஒரு தனி எதிரி உண்டு: குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர். மண்ணில் எங்கும் இருக்கிறது. அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது. காற்று இல்லாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். நாம் இறுக்கி மூடிய பாட்டில் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு. அங்கே முளைத்தால் அது உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கும், மூச்சுத் தசையை நிறுத்தும். நஞ்சேறிய உணவு பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் அந்த நுண்ணுயிருக்கு ஒரு பலவீனம் உண்டு. புளிப்பில் அது முளைக்காது. புளிப்பு ஏற ஏறக் குறையும் பி.எச். அளவில் 4.6 என்பது கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதைக் கொதிநீரில் வைத்து எடுத்தால் போதும். மேலே இருப்பதற்கு, அதாவது பயறு, சோளம், பீன்ஸ் போன்ற காய்களுக்கு, அழுத்தத்தில் 116 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றும் பெரிய கலம் வேண்டும். நம் வீட்டுக் குக்கர் அதற்குப் பதில் ஆகாது.

பயற்றுத் தோல் வேகவைத்த நீர் கோட்டுக்கு மேலே இருக்கிறது. கால் கப் எலுமிச்சைச் சாறுதான் அதைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவருகிறது. அந்தச் சிவப்பு வெறும் அழகு அல்ல என்று சொன்னேனே, காரணம் இதுதான். அதற்காக நிறத்தைப் பார்த்து நிதானித்துவிடக் கூடாது, அளந்துதான் ஊற்றவேண்டும். அங்கே புட்டியில் அடைத்த சாற்றைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், புட்டியில் அது ஒரே அளவில் இருக்கும்.

இந்தக் கோடு ஒரு நாளில் கிடைத்துவிடவில்லை. பிரான்சில் நிக்கொலா அப்பேர் உணவைக் கண்ணாடியில் அடைத்துக் கொதிநீரில் வைத்தால் கெடாது என்று கண்டுபிடித்து 1810இல் நூல் எழுதினார். ஏன் கெடவில்லை என்று அவருக்குத் தெரியாது. பாஸ்டர் வந்து நுண்ணுயிரைக் காட்ட இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1858இல் அமெரிக்காவில் ஜான் மேசன் திருகுமூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் அந்த ஜாடிக்கு அங்கே அவர் பெயர்தான். ஆனால் ஜாடி வந்தால் போதுமா? கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாமா? 1910இல் தென் கரோலினா மாநிலத்தில் மேரி சாமுவெல்லா குரோமர் என்ற பள்ளி ஆசிரியை, சிறுமிகளுக்காகத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஒவ்வொரு சிறுமிக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். தானே பயிரிட்டு, தானே டப்பாவில் அடைத்து, தானே விற்கவேண்டும். தன் கையால் சம்பாதித்த காசைப் பார்த்திராத கிராமத்துப் பெண்களுக்கு அந்த நிலம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1914இல் ஸ்மித்–லெவர் சட்டம் வந்து, பல்கலைக்கழக ஆய்வை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணி நாடு முழுக்க அமைந்தது. கோடைகாலத்தில் அடுப்பைச் சுற்றி நின்ற பெண்களும் அந்தப் பணியாளர்களும் சேர்ந்துதான் இன்றைய அளவுகளை எழுதினார்கள். இதைச் சமையலறை விஷயம் என்று ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இது அறிவியல். கையில் கரண்டியோடு செய்த அறிவியல்.

மீதி வேலையைச் சொல்லிவிடுகிறேன். தெளிவு, எலுமிச்சைச் சாறு, பெக்டின் பொடி மூன்றையும் பெரிய தீயில் வைக்கவேண்டும். கரண்டியால் கிளறினாலும் அடங்காத கொதி வந்ததும் சர்க்கரை முழுவதையும் ஒரே தடவையில் கொட்டவேண்டும். மறுபடி அதே கொதி வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் பெக்டின் உடையும். பெக்டின் பொடி சேர்க்காமல் காய்ச்சும் பழ ஜெல்லிக்குத்தான் பதம் பார்க்கவேண்டும்: கரண்டியைச் சரித்தால் ஓரத்தில் இரண்டு துளி தனித்தனியாகத் தொங்கும், பதம் வந்தால் இரண்டும் ஒன்று சேர்ந்து சின்னத் திரைபோல வழுக்கி விழும். கம்பிப் பதம் பார்த்த கைக்கு இது ஒரு நாளில் பிடிபடும். நுரையை எடுத்துவிட்டு, சூடாகவே பாட்டிலில் ஊற்றி, வாயில் கால் அங்குலம் விட்டு, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, புது மூடி போட்டு, கொதிநீரில் 10 நிமிடம் முழுக்கி எடுக்கவேண்டும். கொடைக்கானல்காரர்கள் இங்கே இருந்தால் இன்னும் கூடுதல் நேரம் வையுங்கள்; உங்கள் ஊரில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

பழைய நாளில் மூடிக்குப் பதில் உருக்கிய மெழுகை ஜெல்லி மேல் ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் தாயார் அப்படித்தான் செய்தாராம். மெழுகு சுருங்கி, ஓரத்தில் ஊசித்துளை விழும். பூஞ்சை உள்ளே போகும். மேலே இருப்பதைச் சுரண்டி எறிந்துவிட்டு அடியில் இருப்பதைத் தின்ற காலம் அது. பூஞ்சை புளிப்பைத் தின்றுவிடும், நஞ்சும் விடும் என்று இப்போது தெரியும். தாய் செய்தது என்பதற்காக அந்த அம்மா அதைத் தொடரவில்லை. தாயைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

சோளத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர் ஒரு டஜனை வேகவைத்து இதே மாதிரி செய்வார்கள். தேன் நிறத்தில் வரும், தேன் போலவே ருசிக்கும். செங்கதிர் ரகமாக இருந்தால் நிறம் இன்னும் ஏறும். ஆனால் எல்லாத் தோலும் உணவு அல்ல. மரவள்ளித் தோலில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. பச்சைபூத்த உருளைக்கிழங்குத் தோலில் சோலனைன் இருக்கிறது. பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்க நம் பாட்டிமார் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், எதை விடவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோலில் புதிதாக ஒன்றைச் செய்ய நினைக்கிறவர் முதலில் பி.எச். மானியை வாங்கட்டும். இந்தத் துறையின் ஆய்வுக்கூடத்தில் அது இருக்கிறது. தட்டைப்பயறு சந்தையில் இருக்கிறது. நம் ரகத்துத் தோலில் எவ்வளவு நிறம், எவ்வளவு புளிப்பு என்று அளந்து எழுத உங்களை விடப் பொருத்தமானவர்கள் யார்?

கொதிநீரிலிருந்து எடுத்த பாட்டில்களைத் துண்டு விரித்து அதன் மேல் வைப்போம், ஒன்றை ஒன்று தொடாமல். பிறகு யாரும் எதையும் தொடக் கூடாது. நானும் அந்த அம்மாவும் சமையலறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். சூடு ஆற ஆற உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவைக் கீழே இழுக்கும். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம். ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. அந்த அம்மாவுக்குக் கடைசி ஆண்டுகளில் காது மந்தமாகிவிட்டது. விரலை மடக்கி எண்ணி நான் காட்டுவேன். "எட்டா? ஒன்பது ஊற்றினோமே" என்பார். ஒன்பதாவது மூடி விழாவிட்டால் அந்தப் பாட்டில் குளிர்பெட்டிக்குப் போகும், முதலில் அதைத்தான் தின்போம்.

இங்கே கொண்டுவந்த நாலும் போன ஜூலையில் செய்தவை. எடுக்கும் முன் மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பாருங்கள்; அமுங்கி எழும்பினால் திறக்க வேண்டாம், என்னிடம் கொடுத்துவிடுங்கள். கரண்டிகள் தட்டில் இருக்கின்றன. முன்வரிசையிலிருந்து வாருங்கள்.